வெளியூர் விதைநெல்

1953-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற கடலோர ஊரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில், லிராய் ஸ்டீவன்ஸ் என்ற இளம் விஞ்ஞானி சுண்டெலிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சிகரெட்டில் புற்றுநோயைக் கொண்டுவருவது புகையிலையா, அதைச் சுற்றியிருக்கும் காகிதமா என்று கண்டுபிடிப்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. பணம் புகையிலைக் கம்பெனியிலிருந்து வந்தது. காகிதத்தின் மேல் பழி விழுந்தால் யாருக்குச் சந்தோஷம் என்று விளக்க வேண்டியதில்லை.

129 என்ற எண்ணால் அழைக்கப்படும் எலி வம்சத்தில் ஓர் ஆண் எலிக்கு விரை வீங்கியிருந்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே கட்டி. கட்டிக்குள் தசை, குருத்தெலும்பு, முடி என்று ஓர் உடம்பின் உதிரி பாகங்கள் கலந்துகட்டிக் கிடந்தன. ஸ்டீவன்ஸ் சிகரெட்டை மறந்துபோனார். விரைக்குள் முடி எப்படி முளைக்கும் என்ற கேள்வி அவருடைய மிச்சப் பணிக்காலத்தை எடுத்துக்கொண்டது.

வளர்ந்த எலியிலிருந்து குட்டி, குட்டியிலிருந்து கரு என்று அவர் பின்னோக்கிப் போனார். கடைசியில் அகப்பட்டது ஒரு வகைச் செல். பிற்காலத்தில் விந்தணுவாகவோ கருமுட்டையாகவோ ஆகப்போகிற ஆதி இனச்செல். இந்தச் செல்கள் இல்லாமல் பிறக்கும் மரபுக் குறையுள்ள எலிக்கருவின் விரைத் திசுவை எடுத்து ஒட்டிப் பார்த்தார். கட்டி வரவில்லை. குற்றவாளி உறுதியானது. அந்தக் கட்டிகளைத் துருவிய ஆராய்ச்சியின் வழியில்தான் 1981-இல் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் எவன்ஸும் மேத்யூ காஃப்மனும், கலிஃபோர்னியாவில் கெயில் மார்ட்டினும் எலிக்கருவின் ஸ்டெம் செல்லைத் தட்டில் வளர்த்தார்கள். எதுவாகவும் மாறக்கூடிய இந்த ஸ்டெம் செல்லைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதிக்கு ஒரு சுண்டெலியின் விரைதான் பிறந்த வீடு.

சரி, அந்த ஆதி இனச்செல்கள் விரைக்குள் எப்படி வந்தன? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. அவை அங்கே பிறந்தவை அல்ல.

அறுவடை முடிந்ததும் விவசாயி முதலில் விதைநெல்லைத் தனியே எடுத்துக் கோட்டை கட்டி வைப்பார். அதன் பிறகுதான் விற்பனைக்கு, வீட்டுக்கு என்ற பங்கு. கருவும் அப்படியே செய்கிறது. கை கால், இதயம், மூளை என்று உடலைக் கட்டும் பெருவேலை தொடங்கும் தறுவாயிலேயே சில செல்களை ஓரமாக ஒதுக்கிவிடுகிறது. சுண்டெலியில் அது கருவின் ஏழாம் நாள். எண்ணினால் சுமார் 40 செல்கள். மனிதக் கருவில் நான்காம் வாரம் இவை தென்படுவது உடலுக்கு வெளியே தொங்கும் கருவுணவுப் பையின் சுவரில். ‘நீ தோலாகு, நீ தசையாகு’ என்று கட்டளைகள் பறக்கும் இடத்திலிருந்து விலகியிருந்தால்தான் விதை விதையாகவே இருக்கும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம்.

பிறகு பயணம். குடலாகப் போகிற குழாயின் சுவர் வழியே ஊர்ந்து, குடலை முதுகோடு பிணைத்திருக்கும் சவ்வில் ஏறி, வழியெல்லாம் கசியும் வேதிக்குறிகளைப் பிடித்துக்கொண்டு, போகிற போக்கில் இரண்டாக நான்காகப் பெருகி, ஆறாவது வாரத்தை ஒட்டி முதுகுப்புறம் வரப்புபோல எழுந்திருக்கும் இரண்டு மேடுகளை வந்தடைகின்றன. அந்த வரப்புகள்தான் பின்னாளில் விரையோ சினைப்பையோ ஆகும். வழிதவறியவை பெரும்பாலும் மடிந்துவிடும். மடியாமல் தங்கிவிட்ட சிலதான் நெஞ்சுக்கூட்டின் நடுவிலும் மூளையின் ஆழத்திலும்கூட எப்போதாவது இனச்செல் கட்டிகளாகத் தலைகாட்டுகின்றன என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

வந்து சேர்ந்த விருந்தாளி என்னவாக ஆக வேண்டும் என்பதை வீடு முடிவு செய்கிறது. ஏழாம் வாரம் வரை அந்த வீட்டுக்கே ஆண், பெண் என்ற பேதம் கிடையாது. ஒய் குரோமோசோமில் எஸ்ஆர்ஒய் என்ற மரபணு கொஞ்ச நேரம் விழித்தால், வரப்பின் சொந்தச் செல்கள் விந்தணுவைப் பேணும் செர்டோலி செல்களாகின்றன. விழிக்காவிட்டால் அதே செல்கள் கருமுட்டையைப் போர்த்தி வளர்க்கும் செல்களாகின்றன. லண்டன் ஆய்வாளர்கள் 1990-இல் இந்த மரபணுவை இனம்கண்டு, மறு ஆண்டே அதை இரண்டு எக்ஸ் குரோமோசோம் கொண்ட எலிக்கருவில் செலுத்திக் காட்டினார்கள். பெண்ணாகப் பிறந்திருக்க வேண்டியது ஆணாகப் பிறந்தது. விரை இருந்தது, விந்தணு மட்டும் இல்லை. வீடு கட்டிக்கொடுத்தாலும் விருந்தாளியின் ஜாதகமும் கொஞ்சம் பொருந்த வேண்டும் போலிருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆண் எலிக்கருவில் வழிதவறி அட்ரீனல் சுரப்பிக்குள் புகுந்த இனச்செல்களைப் பார்த்தால், அவை கருமுட்டைபோல வளரத் தொடங்கியிருக்கின்றன. எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் கொண்ட ஆண் செல்தான். ‘பொறு’ என்று நிறுத்திவைக்க விரை இல்லாததால் முட்டையாகக் கிளம்பிவிட்டது! வீடும் ஒருமுறை கட்டியதோடு நின்றுவிடுவதில்லை. 2009-இல் வளர்ந்த பெண் எலிகளின் சினைப்பையில் ஃபாக்ஸ்-எல்2 என்ற ஒரே ஒரு மரபணுவை அணைத்தார்கள். முட்டையைச் சூழ்ந்திருந்த செல்கள் செர்டோலி செல்களின் சாயலுக்கு மாறின. சினைப்பை தன்னைச் சினைப்பையாக அன்றாடம் காபந்து செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இதன் பிறகு ஆணும் பெண்ணும் வெவ்வேறு விவசாயம் செய்கிறார்கள்.

ஆணுடையது ஒவ்வொரு போகத்திலும் விதைநெல் எடுத்துவைக்கும் முறை. விரையின் நுண்குழல்களில், வெளிச்சுவரை ஒட்டி ஸ்டெம் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவை பிரியும்போது ஒரு பங்கு விந்தணுவாகக் கிளம்பும், ஒரு பங்கு ஸ்டெம் செல்லாகவே தங்கிவிடும். கிளம்பியது விந்தணுவாக முற்ற இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகும். இன்று அடித்த கடும் காய்ச்சலின் பாதிப்பு சில வாரங்கள் கழித்து விந்துப் பரிசோதனையில் தெரிவது இதனால்தான். 1994-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் பிரின்ஸ்டர், ஓர் எலியின் விரைச் செல்களை மலட்டு எலியின் விரைக்குள் செலுத்தினார். அவை சுவரில் இடம்பிடித்துக்கொண்டன. கொடுத்த எலியின் மரபணுவோடு குட்டிகள் பிறந்தன. புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகும் சிறுவனுக்கு உறையவைக்க விந்து இருக்காது, ஆனால் ஸ்டெம் செல் இருக்கும். பருவமெய்தாத குரங்கின் விரைத்திசுவை உறையவைத்து, பிறகு அதே குரங்கின் உடலில் ஒட்டி, முற்றிய விந்தணுவிலிருந்து கிரேடி என்ற பெண்குட்டியைப் பிறக்கவைத்ததாக பிட்ஸ்பர்க் குழு 2019-இல் அறிவித்ததால், அந்தச் சிறுவர்களின் பெற்றோருக்கு நம்பிக்கை வந்திருக்கிறது.

பெண்ணுடையது மொத்தமாக விதைத்துவிடும் முறை. ஐந்தாம் மாதக் கருவிலேயே சுமார் 70 லட்சம் முட்டைச் செல்கள். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம், பூப்பெய்தும்போது சுமார் 3 லட்சம். ஆயுளில் வெளியேறுவது 400 சொச்சம். பிறந்த பிறகு புது முட்டை இல்லை என்பது நெடுநாள் பாடம். 2004-இல் ஜோனதன் டில்லியின் அமெரிக்கக் குழு, வளர்ந்த எலியின் சினைப்பையிலும் முட்டை தரும் ஸ்டெம் செல் உண்டு என்று அறிவித்துப் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. 2020-இல் ஸ்வீடன் குழு மனிதச் சினைப்பைச் செல்களை ஒவ்வொன்றாக வகைபிரித்துத் தேடியும் அப்படி ஒன்று அகப்படவில்லை. என் கணக்கில் பழைய பாடத்துக்கே வலு அதிகம். ஆகவே, ‘ஸ்டெம் செல் ஊசியால் சினைப்பைக்குப் புத்துயிர்’ என்ற விளம்பரத்தைக் கண்டால் பர்ஸை இறுக்கிப் பிடியுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை போன்றவை தவிர மற்றதெல்லாம் ஆராய்ச்சி. அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது.

தட்டில் முட்டை செய்யும் கலையில் ஜப்பானியர்கள்தான் முன்னோடிகள். கட்சுஹிகோ ஹயாஷியும் மிட்டினோரி சைட்டோவும் 2012-இல் ஸ்டெம் செல்லிலிருந்து எலி முட்டை செய்தபோது, வீட்டுக்காக எலிக்கருவின் சினைப்பைச் செல்களைக் கடன் வாங்கினார்கள். 2021-இல் ஹயாஷி குழு அந்த வீட்டையும் ஸ்டெம் செல்லிலிருந்தே கட்டிவிட்டது. 2023-இல் ஆண் எலியின் செல்லிலிருந்து முட்டை செய்து, இரண்டு அப்பாக்களுக்குக் குட்டிகள் பிறக்கவைத்தார்கள். 630 கருக்களில் பிறந்தவை 7. மனிதச் செல் அவ்வளவு எளிதில் மசிவதில்லை. சைட்டோ குழு 2018-இல் மனித ஸ்டெம் செல்லை எலிச் சினைப்பைச் செல்களோடு குடிவைத்து நான்கு மாதம் காத்திருந்தது. முட்டைக்கு முந்தைய நிலை வரை வந்த மனிதச் செல்கள், எலி வீட்டில் அதோடு நின்றுகொண்டன.