உலக முடிவிலிருந்து சிங்கமலை வரை: இதெல்லாம் தெரியுமா?

நண்பர்கள் கூடி வேன் பிடித்து நுவரெலியாவுக்குப் போகிறோம். கிறகரி வாவியில் படகு, வீதியோரத்தில் ஸ்ட்ரோபரி, தேயிலைச் செடிக்குள் நின்று நாலு செல்ஃபி. "நுவரெலியா பார்த்தாச்சு" என்று திரும்பி விடுகிறோம். உண்மையில் பார்த்தது முற்றத்தை மட்டும்தான்! முதல் நாள் இரவு அங்கேயே தங்கி, விடியுமுன் எழும்பிப் புறப்பட்டுப் பாருங்கள். பொழுது சாய்வதற்குள் என்னென்ன அதிசயங்களைக் கடந்து வரலாம் தெரியுமா?

உலகம் எங்கே முடிகிறது தெரியுமா?

நுவரெலியாவிலிருந்து ஏறக்குறைய 32 கிலோமீற்றரில்! ஹோர்ட்டன் சமவெளியின் 'உலக முடிவு' அங்கேதான் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கும் மேலே புல்வெளியில் நடந்துகொண்டே போகிறீர்கள். திடீரென்று தரையைக் காணோம்! காலடியில் சுமார் 870 மீற்றர் பள்ளம். கொழும்பின் தாமரைக் கோபுரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கினாலும் அதன் விளிம்பை எட்டாது. மேலே குளிரில் பல் கிட்டும். கீழே எறும்பு அளவில் தேயிலைத் தோட்டமும் லயங்களும் தெரியும். ஆனால் காலை ஒன்பது, பத்து மணி தாண்டினால் மூடுபனி ஏறி எல்லாவற்றையும் வெள்ளையாக்கிவிடும். அதற்குப் பிறகு போனவர்கள் பார்த்தது பஞ்சு மட்டும்தான்! சுற்றி வரும் பாதை சுமார் 9 கிலோமீற்றர். அதனால்தான் ஆறு மணிக்கே வாயிலில் நிற்கச் சொல்கிறார்கள்.

ஒரு சமவெளி, மூன்று கடற்கரை! தெரியுமா?

இந்தச் சமவெளியிலும் அதை ஒட்டிய மலைகளிலும் விழுகிற மழைக்கு மூன்று வழி உண்டு. மகாவலியில் சேர்ந்தால் 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைப் பக்கம் கிழக்குக் கடலுக்குப் போகும். பெலிஹுல் ஓயா வழியாக வளவை கங்கையில் சேர்ந்தால் அம்பலாந்தோட்டையில் தெற்குக் கடல். களனியில் சேர்ந்தாலோ கொழும்புக்கே வந்து மேற்குக் கடல்! தலைநகரத்துக் குழாய்களில் வரும் குடிநீரில் பெரும்பங்கு களனித் தண்ணீர்தான். மழை பெய்யாத நாளிலும் இந்தக் காடு சும்மா இருப்பதில்லை. பாசி படர்ந்த குட்டை மரங்கள் மூடுபனியையே பிடித்து, சொட்டுச் சொட்டாக மண்ணில் இறக்குகின்றன. 1988இல் தேசியப் பூங்காவான இந்த இடத்தை, சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மலைத்தொடர் இரண்டோடும் சேர்த்து 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது.

இங்கே யானைகள் இருந்தன, தெரியுமா?

நம்ப முடிகிறதா? இந்தக் குளிரில் யானைக் கூட்டம் திரிந்தது! வெள்ளைக்காரர் துப்பாக்கியோடு வந்தார்கள். மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்ற ஒரே மனிதர் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டார் என்று பதிவாகியிருக்கிறது. 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து அவர் செத்தார். நுவரெலியாவில் இருக்கும் அவருடைய கல்லறையையும் இடி விட்டுவைக்கவில்லை என்று ஊரில் இன்றும் கதை சொல்வார்கள். இப்போது சமவெளியில் யானை இல்லை. இன்று அங்கே ராஜா மரைதான். விடியற்காலைப் பனியில் கொம்பை நிமிர்த்தி அது நிற்கிற நிற்பைக் காணவே போகலாம். ஆட்களைப் பார்த்துப் பழகி வாகனத் தரிப்பிடத்துக்கே வந்து நிற்கிறது என்பதற்காக பிஸ்கட் நீட்டிவிடாதீர்கள்!

செத்துப்போனதாக நினைத்த தேவாங்கு திரும்பி வந்தது தெரியுமா?

கைக்குள் அடங்குகிற உடம்பு, முகமெல்லாம் கண். ஹோர்ட்டன் சமவெளித் தேவாங்கை 1930களுக்குப் பிறகு யாருமே காணவில்லை. அழிந்தே போய்விட்டது என்று கணக்கை மூடிவிட்டார்கள். 60 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2002இல் இருட்டில் இரண்டு கண்கள் மின்னின! 2009இல்தான் முதன்முதலாக அது கமராவில் சிக்கியது. அதே காட்டில் மூக்கு நுனியில் காண்டாமிருகம்போலக் கொம்பு முளைத்த ஓணான் இருக்கிறது. முட்டையிடாமல் குட்டி போடுகிற ஓணானும் இருக்கிறது. இரண்டுமே இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது!

12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் காடு தெரியுமா?

கொடைக்கானல் குறிஞ்சியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் உறவுக்காரச் செடிதான் இங்கே நெலு. அதில் சில வகைகள் 12 ஆண்டுகள் காத்திருந்து, ஒரே நேரத்தில் பூத்து, விதை போட்டு, கூட்டமாகவே மடிகின்றன. பூக்கும்போது தேனீக்களுக்குத் திருவிழா. விதை கொட்டும்போது காட்டுக்கோழிகளுக்குத் திருவிழா!

கோச்சி எவ்வளவு உயரம் ஏறுகிறது தெரியுமா?

தோட்டத்து ஆட்கள் புகையிரதத்தைக் 'கோச்சி' என்பார்கள். சமவெளிக்குப் போகும் வழியில் இருக்கும் பட்டிப்பொல, 1,891 மீற்றரில் நிற்கிற நாட்டின் உயரமான புகையிரத நிலையம். 1885இல் நானுஓயாவை எட்டிய தண்டவாளம் பதுளையைத் தொட 1924 ஆனது. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே சிங்கமலைச் சுரங்கம் சுமார் 560 மீற்றர். 2019 வரை நாட்டிலேயே நீளமான புகையிரதச் சுரங்கமாக இருந்தது அதுதான். உள்ளே நுழைந்ததும் பெட்டி முழுவதும் கூச்சல் போடுவது எழுதாத சட்டம்! கோப்பியைக் கொண்டுபோகப் போட்ட பாதை இது. இலைநோய் வந்து கோப்பி அழிந்த பிறகு தேயிலையைச் சுமந்தது.

காஷ்மீர்க்காரர் நுவரெலியாவுக்கு வருவது தெரியுமா?

விசா இல்லாமல்! காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்கிற சின்னப் பறவை இமயமலையில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தில் இந்தியாவைத் தாண்டி இங்கே பறந்து வருகிறது. நகரத்தின் நடுவில் பஸ் சத்தத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற விக்டோரியாப் பூங்காவில் அதைப் பார்க்கலாம். உலகம் முழுவதிலுமிருந்து பறவை ஆர்வலர்கள் தேடி வருகிறார்கள். நாமோ அதே மரத்தின் கீழ் சோத்துப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை!

தேயிலை மலையில் சிறுத்தை குடியிருப்பது தெரியுமா?

பின்னேரம் டெவன், சென் கிளயார் நீர்வீழ்ச்சிகளைப் பார்த்துக்கொண்டே ஹட்டன் பக்கம் இறங்குகிறீர்கள். இரண்டு பக்கமும் கத்தரித்துவிட்ட பச்சை மலை. அதற்குள் காட்டின் பெரிய வேட்டைக்காரன்! பொகவந்தலாவைப் பகுதியில் ஆய்வாளர்கள் வைத்த தானியங்கிக் கமராக்களில் சிறுத்தைகள் பதிவாகியிருக்கின்றன. மலை முகடுகளிலும் ஓடைக்கரைகளிலும் எஞ்சியிருக்கிற துண்டுக் காடுகள்தான் அவற்றின் வீடு. பகலில் பெண்கள் கொழுந்து பறிக்கிற அதே நிரையில் இரவில் சிறுத்தை நடக்கிறது. அச்சத்தோடும் அனுபவத்தோடும் இரண்டு தரப்பும் காலத்தை ஓட்டுகின்றன. எமன் வேறு வடிவில் வருகிறான். காட்டுப்பன்றிக்கு வைக்கிற கம்பித் தடத்தில் சிறுத்தை மாட்டிக்கொள்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் அப்படி அகப்பட்டது மிக அரிதான கருஞ்சிறுத்தை. காப்பாற்றி உடவளவைக்குக் கொண்டுபோயும் சில நாட்களில் இறந்துவிட்டது.

தண்ணீருக்குள் ஓர் ஊர் தெரியுமா?

மவுசாகலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. கடும் வறட்சியில் நீர் வற்றினால் பழைய வழிபாட்டுத் தலங்களின் சுவர்கள் மேலே தலை காட்டும்! அதற்கு அப்பால் 2,243 மீற்றரில் சிவனொளிபாதமலை. மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வெசாக் வரை நான்கு மதத்தவரும் ஏறுகிற மலை வேறெங்கு உண்டு? உச்சியில் விடிந்தால் மலையின் நிழல் கச்சிதமான முக்கோணமாக மேற்கே விழும். 14ஆம் நூற்றாண்டில் இபின் பதூதாவும் ஏறியிருக்கிறார். அதற்கு மட்டும் தனியாக ஓர் இரவு ஒதுக்குங்கள்!

போகுமுன் ஒரு வார்த்தை

சமவெளி வாயிலில் அதிகாரிகள் பையைத் திறந்து பொலித்தீனை எடுத்து வைத்தால் முகம் சுளிக்காதீர்கள். சாப்பாட்டை டப்பாவில் கொண்டுபோங்கள். ஸ்பீக்கர் பெட்டியை வேனிலேயே விடுங்கள். தோட்டத்துப் பாதையில் நடக்கும்போது அங்கே குடியிருப்பவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். எந்த முகட்டில் சிறுத்தை உறுமும், எந்தப் பீலியில் தண்ணீர் வற்றாது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். மலையில் நீங்கள் எறிகிற குப்பை களனியில் இறங்கி உங்கள் ஊருக்கே வந்து சேரும். ஆகவே கொண்டுபோனதையெல்லாம் திருப்பிக் கொண்டுவாருங்கள்!