மலையை விட்டு இறங்காத தேன்சிட்டு: சூடு ஏறினால் எங்கே போகும்?

உங்க தாமானில் செம்பருத்திச் செடி இருக்கா? அப்படியென்றால் வளைந்த அலகோடு கீச்சிடும் குட்டிப் பறவையைக் கண்டிப்பாகப் பார்த்திருப்பீங்க. அதுதான் தேன்சிட்டு, மலாயில் கெலிச்சாப். அதே குடும்பத்தில் மலைவாசி ஒன்று உண்டு: கருந்தொண்டைத் தேன்சிட்டு.

தீபகற்ப மலேசியாவில் இது பெரும்பாலும் 900 மீட்டருக்கு மேலேதான் வாழ்கிறது. பிரேசர் மலை, கேமரன் மலைக்குப் போனால் தோட்டப் பூக்களிலேயே பார்க்கலாம். எடை ஐந்தாறு கிராம், ஏறக்குறைய ஒரு 50 சென் நாணயம்! ஆணுக்குத் தொண்டை கறுப்பு, முதுகு அடர்சிவப்பு, உச்சந்தலையும் நீண்ட வாலும் நீலம். ஆனால் இந்த நிறமெல்லாம் வெயில் பட்டால்தான் தெரியும்; நிழலில் வெறும் கறுப்புப் பறவைதான். பெண் பறவை மங்கிய பச்சை, வாலும் குட்டை.

"இது ஹம்மிங்பேர்ட்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லைங்க. ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே இருக்கிறது. இரண்டுக்கும் நெருங்கிய உறவே கிடையாது. பூந்தேன் குடிக்கும் வேலை ஒன்று என்பதால் நீண்ட அலகும் நாக்கும் தனித்தனியாக உருவாயின. தேன்சிட்டு பெரும்பாலும் உட்கார்ந்தே குடிக்கும். பூவின் குழல் ரொம்ப நீளமென்றால், தேன்சிட்டுகள் அடியில் ஓட்டை போட்டு உறிஞ்சுவதும் உண்டு. பூவுக்கு அதனால் லாபமில்லை, மகரந்தம் ஒட்டாதே. குஞ்சுகளுக்கோ தேன் போதாது. பூச்சியும் சிலந்தியும் வேண்டும்.

இமயமலை முதல் நம் மலைகள் வரை பரவியிருப்பதால், இப்போதைக்கு இது அழியும் நிலையில் இல்லை. கவலை வேறு. 100 மீட்டர் உயர்ந்தால் வெப்பம் சுமார் 0.6 டிகிரி குறையும். அப்படியானால் மலை 1 டிகிரி சூடாகும்போது, பழைய குளிர்ச்சி வேண்டுமென்றால் 170 மீட்டர் போல மேலே ஏறணும். பறவைக்கு இறக்கை இருக்கு. அது நம்பியிருக்கும் மரம், செடிகளுக்கு? ஏற ஏறக் காட்டின் பரப்பும் சுருங்கிக்கொண்டே போகும். கீழே காய்கறித் தோட்டங்களும் விடுதிகளும் ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டன. கேமரன் மலையின் பிரிஞ்சாங் சிகரம் 2,000 மீட்டரைச் சற்றே தாண்டியதும் முடிந்துவிடுகிறது. தீபகற்பத்திலேயே உயரமான தாஹான் மலைகூட 2,187 மீட்டர்தான்.

அடுத்த விடுமுறைக்கு மலைக்குப் போறீங்களா? காலையில் பூத்த செடிப் பக்கம் பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்க. போனில் அதன் குரலை ஒலிக்கவிட்டு மட்டும் கூப்பிடாதீங்க. வேறொரு ஆண் வந்துவிட்டது என நினைத்து, சாப்பிடுவதை விட்டுத் தேடி அலையும்.