கேமரன் மலையின் சீமைச் சுரைக்காய்: சுக்கினியை நம் சட்டிக்குக் கொண்டு வருவோம்

பள்ளி விடுமுறையில் கேமரன் மலையிலிருந்து தாப்பா வழியாக இறங்கும் கார்களின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தால் எல்லாக் காரிலும் ஏறக்குறைய ஒரே சாமான்கள்தான் இருக்கும். ஸ்ட்ராபெரி ஒரு பெட்டி, இனிப்புச் சோளம் ஒரு பை, முட்டைக்கோஸ் இரண்டு, சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கத் தேயிலைப் பொட்டலம் நாலைந்து. அதே சந்தை மேசையில் வெள்ளரிக்காய் போல் கரும்பச்சையாக அடுக்கி வைத்திருக்கும் சுக்கினியை மட்டும் நம்மில் பலர் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்து விடுகிறோம். "அது வெள்ளைக்காரன் காய், நம்ம குழம்புக்கு ஒத்துவருமா?" என்ற தயக்கம்தான் காரணம்.

இன்னொரு பக்கம் புலனத்தில் செய்தி பறக்கிறது: "சுக்கினி சாப்பிட்டால் சர்க்கரை நோய் ஓடிவிடும்." வானொலியில் சமையலைப் பற்றிப் பேசும் நாள்களில் இந்த இரண்டு கேள்வியும் மாறி மாறி வரும். ஒருவருக்கு அது வேண்டாத காய், இன்னொருவருக்கு அது மருந்து. இரண்டுமே சரியில்லை. அது ஒரு நல்ல காய், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' என்பதில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம்.

தேயிலை மலையில் பூசணிக் குடும்பம்

1885-ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் பகாங்கின் இந்த மலைப்பகுதியை அளந்து குறிப்பெழுதினார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தேயிலை வந்தது. காட்டை வெட்டிச் சரிவுகளில் தேயிலை நட்டதிலும், முதுகில் கூடை சுமந்து கொழுந்து பறித்ததிலும் தமிழர்களின் உழைப்பு பெரும்பங்கு. இன்று கொழுந்து பறிப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் படித்து, பட்டணத்தில் வேலை பார்க்கிறார்கள்.

தேயிலைக்குப் பிடித்த அதே குளிர்தான் காய்கறிக்கும் பிடித்தது. பிரிஞ்சாங், கம்போங் ராஜா, பெர்த்தாம் பள்ளத்தாக்கு என்று எங்கு பார்த்தாலும் பிளாஸ்டிக் கூரைகளுக்கு அடியில் தக்காளியும் கீரையும் குடைமிளகாயும் விளைகின்றன. நீலகிரியிலும் நுவரெலியாவிலும் இதே கதைதான்: மேலே தேயிலை, பக்கத்திலேயே காய்கறித் தோட்டம். ஊட்டிப் பக்கம் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸை இன்றும் 'இங்கிலீஷ் காய்கறி' என்பார்கள். அந்தக் காய்கள் எப்போதோ நம் பொரியலுக்குள் வந்துவிட்டன. வரிசையில் பின்னால் நிற்பது சுக்கினி.

உண்மையில் அது முழு வெள்ளைக்காரக் காயும் இல்லை. அதன் மூதாதைக் கொடி மெக்சிகோ நாட்டைச் சேர்ந்தது. அங்கே பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் அதைப் பயிரிட்டார்கள். கடல் கடந்து ஐரோப்பாவுக்குப் போன அந்தக் கொடியிலிருந்து வட இத்தாலியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவான வகைதான் இன்றைய சுக்கினி. இத்தாலிய மொழியில் 'சுக்கா' என்றால் பூசணி. சுக்கினி என்றால் குட்டிப் பூசணி. நம் சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், வெள்ளரி எல்லாம் இதே குடும்பம். அதனால்தான் தமிழ்நாட்டில் சிலர் இதைச் சீமைச் சுரைக்காய் என்கிறார்கள். உறவுமுறை தெரிந்துவிட்டால் சமைப்பது சுலபம். சுரைக்காய் போகும் இடமெல்லாம் இதுவும் போகும்.

100 கிராமில் என்ன இருக்கிறது?

தோலோடு கூடிய 100 கிராம் பச்சைச் சுக்கினியில் ஏறக்குறைய 95 விழுக்காடு தண்ணீர். கலோரி சுமார் 17. மாவுச்சத்து 3 கிராம், நார்ச்சத்து 1 கிராம், கொழுப்பு மிகச் சொற்பம். வைட்டமின் சி ஏறக்குறைய 18 மில்லிகிராம், பொட்டாசியம் 260 மில்லிகிராம். கண்ணின் விழித்திரையில் சேரும் லூட்டீன், சியாசாந்தின் என்ற நிறமிகளும் உண்டு. கரும்பச்சைத் தோலில்தான் அவை அதிகம், ஆகவே தோலைச் சீவாதீர்கள். இவை கொழுப்பில் கரைபவை என்பதால் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் தாளித்துச் சாப்பிட்டால்தான் உடலில் நன்றாகச் சேரும். வைட்டமின் சி அப்படியில்லை. அது தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் சத்தையும் சேர்த்துக் கொட்டியதாகிவிடும்.

தேயிலை மலையைப் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்லியாக வேண்டும். பருப்பு, கீரை போன்ற தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவும். தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள் அதைத் தடுக்கும். எனவே சுக்கினி போட்ட பருப்புக் கூட்டு நல்ல ஜோடி. சாப்பிட்டு முடித்த கையோடு தே தாரேக் குடிப்பது அந்த ஜோடியைப் பிரிப்பது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். இரத்தசோகை உள்ள பெண்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

தட்டுக் கணக்கு

2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது மூவரில் ஒருவரை நெருங்கியது, மற்ற இனங்களைவிட நாமே அதிகம். போதுமான காய்கறியும் பழமும் உண்ணாதவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் என்றும் அதே ஆய்வு சொன்னது. நம் குடும்பங்களில் அப்பாவுக்கு மாத்திரை, அம்மாவுக்கு ஊசி, அண்ணனுக்கு 'எல்லையில் இருக்கிறது' என்ற பேச்சு சாதாரணமாகிவிட்டது.

இங்கேதான் சுக்கினியின் உண்மையான பயன். அது சர்க்கரையை விரட்டாது. மாத்திரைக்குப் பதிலாகவும் ஆகாது. ஆனால் தட்டில் சோறு பிடித்திருக்கும் இடத்தை அது பிடிக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெந்த வெள்ளைச் சோறு 200 கிராமில் ஏறக்குறைய 260 கலோரி, 56 கிராம் மாவுச்சத்து. சோற்றைப் பாதியாக்கி, 200 கிராம் சுக்கினிப் பொரியல் வைத்தால்? சோற்றில் 28 கிராம், சுக்கினியில் 6 கிராம், மொத்தம் 34 கிராம் மாவுச்சத்துதான். எண்ணெய் ஒரு தேக்கரண்டி சேர்த்தாலும் கலோரி 200-ஐ ஒட்டியே இருக்கும். தட்டோ முன்பைவிட நிறைந்திருக்கும், வயிறும் காலியாக உணராது. சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' முறையும் இதுதான்: தட்டில் கால்பங்கு சோறு, கால்பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, மீதி அரைத்தட்டு காய்கறியும் பழமும். அரைத்தட்டை நிரப்ப, நிறையச் சாப்பிட்டாலும் திகட்டாத காய் வேண்டும். சுக்கினி அப்படிப்பட்டது.

பார்த்து வாங்குங்கள்

ஒரு சாண் நீளம் போதும். பெரிதாக இருந்தால் லாபம் என்று நினைக்க வேண்டாம். முற்றிய காயில் விதை பெருத்து, சதை பஞ்சாகி, சுவை போய்விடும். தோல் பளபளப்பாகவும், தூக்கினால் கனமாகவும், அழுத்தினால் கெட்டியாகவும் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கழுவாமல் குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில் வையுங்கள், நான்கைந்து நாள் தாங்கும். சமைக்கும் முன் ஓடும் தண்ணீரில் கையால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். தோலோடு சாப்பிடும் காய் என்பதால் இது முக்கியம். பொட்டலத்தில் 'மைகேப்' முத்திரை இருந்தால், நல்ல விவசாய நடைமுறைச் சான்று பெற்ற தோட்டத்திலிருந்து வந்தது என்று பொருள்.

நம் சட்டியில் நான்கு வகை

எதைச் செய்தாலும் ஒரு விதி: தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்பைக் கடைசியில் போடுங்கள், அதிகம் வேகவிடாதீர்கள். காயிலேயே தண்ணீர் இருக்கிறது. முதலிலேயே உப்புப் போட்டால் அது முழுவதும் வெளியே வந்து, பொரியல் செய்யப் போய்க் குழம்பாகிவிடும்.

பாசிப்பருப்புக் கூட்டு: அரை கப் பாசிப்பருப்பை மஞ்சள்தூள் போட்டுக் குழைய வேகவையுங்கள். நடுத்தர அளவுச் சுக்கினி இரண்டைத் தோலோடு கட்டைவிரல் பருமனில் நறுக்கிப் பருப்பில் போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். மூன்று மேசைக்கரண்டி தேங்காய், ஒரு தேக்கரண்டி சீரகம், இரண்டு பச்சைமிளகாய் அரைத்து ஊற்றி, உப்புப் போட்டு ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் நால்வருக்குப் போதும்.

பொரியல்: அரைவட்டமாக நறுக்குங்கள். அகலமான இரும்புச் சட்டியைச் சூடாக்கித் தாளித்து, வெங்காயம் வதங்கியதும் காயைப் போட்டுப் பெருந்தீயில் நான்கு நிமிடம் புரட்டுங்கள். மூடி போட வேண்டாம். ஓரம் பொன்னிறமானதும் உப்பும் தேங்காய்ப்பூவும் தூவி இறக்குங்கள்.

நெத்திலிச் சம்பல்: ஒரு கைப்பிடி நெத்திலியை மொறுமொறுவென்று பொரித்துத் தனியே எடுத்து வையுங்கள். ஊறவைத்த காய்ந்த மிளகாய் எட்டு, சின்ன வெங்காயம் ஆறு, பூண்டு இரண்டு பல், சிறு துண்டு பெலாச்சான் அரைத்து, எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள். கொஞ்சம் புளிக்கரைசல் சேர்த்துக் கொதித்ததும், கனமாக நறுக்கிய சுக்கினியைப் போட்டு மூன்று நிமிடம் கிளறி, நெத்திலியை மேலே தூவுங்கள். நெத்திலியிலும் பெலாச்சானிலும் உப்பு இருப்பதால் தனியாக உப்பு வேண்டாம்.

அடை: ஒரு சுக்கினியைத் துருவி இரண்டு கப் அடைமாவில் கலந்து, வெங்காயமும் கறிவேப்பிலையும் சேர்த்து வார்த்துவிடுங்கள். காயைக் கண்டாலே ஓடும் பிள்ளைகளுக்கு இதுதான் வழி. மாவைச் சற்றுக் கெட்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை அறையில் தனியாகத் தங்கி வேலைக்குப் போகும் தம்பி, தங்கைகளுக்கு இன்னொன்று: மீ கோரேங் செய்யும்போது மீயைப் பாதியாகக் குறைத்து, நீளவாக்கில் மெல்லியதாகச் சீவிய சுக்கினியைக் கடைசி இரண்டு நிமிடத்தில் சேருங்கள். பத்து நிமிடத்தில் இரவுச் சாப்பாடு தயார்.

கசந்தால் துப்பிவிடுங்கள்

சுக்கினியும் சுரைக்காயும் கசக்கக் கூடாதவை. பாகற்காயின் கசப்பு வேறு, இது வேறு. சில நேரம் இந்தக் காய்களில் குக்குர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருள் கூடிவிடும். சமைத்தாலும் அது போகாது. 2010-இல் டெல்லியில் கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்த ஒரு விஞ்ஞானி உயிரிழந்தார். 2015-இல் ஜெர்மனியில் வீட்டுத் தோட்டத்துச் சுக்கினியைச் சமைத்து உண்ட முதியவர் ஒருவர் இறந்தார். இப்படி நடப்பது அபூர்வம், பயந்து ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் நறுக்கியதும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காயையும் குப்பையில் போடுங்கள். 'காசு கொடுத்து வாங்கியது' என்று உப்பும் சர்க்கரையும் போட்டு மறைக்க வேண்டாம்.

சிறுநீரக நோயுள்ளவர்கள் பொட்டாசிய அளவைக் கவனிக்க வேண்டியிருப்பதால் எவ்வளவு சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று வெகுவாகக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். அவர்களும் முதலில் மருத்துவரிடம் பேசுவது நல்லது.

சுக்கினி கிடைக்கவில்லையா, விலை கூடுதலா? கவலையே வேண்டாம். மேலே சொன்ன தட்டுக் கணக்கு சுரைக்காய்க்கும் பீர்க்கங்காய்க்கும் புடலங்காய்க்கும் அப்படியே பொருந்தும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். புலனத்தில் வரும் சுக்கினியும் அப்படித்தான், படித்துவிட்டுப் பத்துப் பேருக்கு அனுப்புவதால் யாருக்கும் சர்க்கரை குறையாது. இந்த வாரம் பசாருக்குப் போகும்போது இரண்டு காய் வாங்குங்கள். சோற்றுக் கரண்டியை ஒரு முறை குறைத்து, பொரியல் கரண்டியை ஒரு முறை கூட்டிப் போடுங்கள்.