முதலில் கையைக் கட்டுங்க!

காலை எட்டு மணி. சேரன்மகாதேவியிலிருந்து திருநெல்வேலி ஆபீஸ்களுக்கு பைக்குகள் பறக்கிற நேரம். ஆடுகள் ரோட்டைக் கடக்கிற நேரமும் அதுதான்! ஒரு குட்டி அடிபட்டுக் கால் தொங்கினால் போதும், அரை நிமிஷத்தில் பத்து எலும்பு வைத்தியர்கள் கூடிவிடுவார்கள்.

"அண்ணாச்சி, காலைப் பிடிச்சு ஒரு இழு இழுங்க, சரியாயிரும்!"

"மூங்கில் பத்தை வச்சு இறுக்கிக் கட்டுங்க!"

இரண்டும் வேண்டாம் சார். ஒடிந்த எலும்பின் முனை கத்தி மாதிரி. இழுத்தால் ரத்தக் குழாயை அறுத்துவிடும். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கால் அழுகும். ஒடிந்த எலும்பு கூடும். அழுகிய காலை எடுக்கத்தான் வேண்டும். ஆகவே முதலில் உங்க கையைக் கட்டிக்குங்க. அப்புறம் அதன் காலைக் கட்டலாம்.

நாய் என்றால் முதலில் வாய். வலியில் வளர்த்தவரையே கடிக்கும். துணிப் பட்டையால் வாயைக் கட்டுங்க. மூச்சுத் திணறினாலோ வாந்தி எடுத்தாலோ கட்டக் கூடாது. மீறிக் கடித்துவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்குங்க.

ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிஷம் அழுத்தணும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாமல், சுத்தமான ஈரத்துணியால் மூடுங்க.

ஆடு, நாய்க்கு முட்டிக்குக் கீழே ஒடிந்திருந்தால் துண்டைச் சுற்றி, மேலே இந்தப் பத்திரிகையையே வளைத்து வைத்து (படித்து முடிச்ச பிறகு!) அளவாகக் கட்டுங்க. ஒடிந்த இடத்துக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகளைக் கட்டு தாண்டணும். தொடை எலும்பு என்றால் கட்டே வேண்டாம். கீழே கட்டிய கட்டு பெண்டுலம் மாதிரி ஆடி, ஒடிந்த இடத்தைக் குடையும்.

தூக்க ஒரு பலகை. இல்லையா, பத்தமடைப் பாயை இரண்டு பேர் விறைப்பாகப் பிடித்தால் போதும். சாப்பாடு கொடுக்காதீங்க, மயக்க மருந்து தேவைப்படலாம். சட்டைப் பையிலிருக்கும் தலைவலி மாத்திரையும் வேண்டாம். பாரசிட்டமால் பூனையையே கொன்றுவிடும்.

பசுமாடு என்றால் எழுப்பி நிற்க வைக்காமல் 1962-க்குப் போன் பண்ணுங்க. சின்னப் பிராணி என்றால் பக்கத்து கால்நடை மருத்துவமனை. ராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

பி.காம். படித்தவன் கணக்காகவே சொல்கிறேன். பல வீடுகளில் அந்தக் குட்டிதான் பேங்க் டெபாசிட். ஜூனில் ஸ்கூல் பீஸ் கட்டுவது அதை விற்றுத்தான். உங்களுக்கு நஷ்டம் அரை மணி நேர பர்மிஷன். மேனேஜர் நம்பாவிட்டால், ரத்தக் கறைச் சட்டையோடு போய் நில்லுங்க!