சிற்றளவு வானொலிக் கட்டுப்பாட்டு கார்களின் மோட்டார்

உள்ளங்கையில் அடங்கும் அளவில் செய்யப்பட்டு, வானொலி அலைகளால் இயக்கப்படும் கார்கள் சிற்றளவு வானொலிக் கட்டுப்பாட்டு கார்கள் எனப்படுகின்றன. பேச்சு வழக்கில் இவை ரிமோட் கார்கள். இவற்றின் மோட்டாரைக் கழற்றி மாற்றுவதும் மேம்படுத்துவதும் பல நாடுகளில் ஒரு பொழுதுபோக்காக வளர்ந்துள்ளன. வேகத்தைக் கூட்டச் செய்யும் மாற்றங்களில் பெரும்பாலானவை மின்னோட்டத்தையும் வெப்பத்தையும் சேர்த்தே கூட்டுகின்றன. ஆகவே மோட்டார், மின்கலம், மின்சுற்றுப் பலகை, பற்சக்கரம் ஆகிய நான்கையும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாகக் கொள்ள வேண்டும். சுமை கூடும்போது முதலில் அறுவது அவற்றுள் வலுக்குறைந்த கண்ணியே.

பின்னணி

ஜப்பானின் கியோஷோ நிறுவனம் 1999-இல் மினி-இசட் என்னும் வரிசையை அறிமுகப்படுத்தியது. இக்கார்கள் உண்மைக் காரின் அளவில் ஏறத்தாழ 28-இல் ஒரு பங்கு கொண்டவை. பெரும்பாலான வகைகள் நான்கு ஏஏஏ மின்கலங்களால் இயங்குகின்றன. டோமி நிறுவனம் 2001-இல் வெளியிட்ட பிட் சார்-ஜி கார்கள் இவற்றை விடவும் சிறியவை. அவற்றிலும் வெவ்வேறு வேகம் உடைய மோட்டார்களை மாற்றிப் பொருத்தலாம்.

மினி-இசட் வரிசையின் தூரிகை மோட்டார், 130 வகை எனப்படும் அளவைச் சேர்ந்தது. ஜப்பானின் மபுச்சி நிறுவனத்தின் எஃப்.ஏ.-130 மோட்டாரை ஒட்டி இப்பெயர் வழங்குகிறது. இதன் உடல் ஏறத்தாழ 25 மி.மீ. நீளமும், 20 மி.மீ. அகலமும், 15 மி.மீ. உயரமும் உடையது. அச்சின் விட்டம் 2 மி.மீ.

அமைப்பு

உலோகக் கூட்டின் உட்புறத்தில் இரண்டு நிலைக்காந்தங்கள் உள்ளன. அவற்றுக்கு இடையே மூன்று முனைகள் கொண்ட ஆர்மெச்சூர் சுழல்கிறது. ஒவ்வொரு முனையிலும் செம்புக் கம்பிச் சுருள் இருக்கும். ஆர்மெச்சூரின் ஒரு முனையில் திசைமாற்றி அமைந்துள்ளது. இது மூன்றாகப் பிளந்த செம்பு வளையம். அதைத் தொட்டபடி இரண்டு தூரிகைகள் மின்னோட்டத்தைச் சுருள்களுக்கு அளிக்கின்றன. மலிவான மோட்டார்களில் வளையும் மெல்லிய உலோகத் தகடே தூரிகையாகும். விரைவு மிக்க மோட்டார்களில் கார்பன் துண்டு பொருத்தப்படுவது வழக்கம்.

வேகமும் வெப்பமும்

சுழலும் ஆர்மெச்சூரில், அளிக்கப்பட்ட மின்னழுத்தத்தை எதிர்க்கும் மின்னியக்கு விசை ஒன்று தோன்றுகிறது. வேகம் கூடக்கூட அதுவும் கூடும். மீதமுள்ள மின்னழுத்தமே சுருளின் மின்தடை வழியாக மின்னோட்டத்தைச் செலுத்துகிறது.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். தலா 1.2 வோல்ட் கொண்ட நான்கு நிக்கல் மின்கலங்கள் 4.8 வோல்ட் தருகின்றன. மோட்டாரின் மின்தடை 0.8 ஓம் எனக் கொள்வோம். ஓடும்போது எதிர் மின்னியக்கு விசை 4 வோல்ட் எனில், மீதம் 0.8 வோல்ட், மின்னோட்டம் 1 ஆம்பியர், சுருளில் எழும் வெப்பம் 0.8 வாட். அதே கார் சுவரில் முட்டிச் சக்கரம் நின்றுவிட்டால் எதிர் மின்னியக்கு விசை மறைந்துவிடும். அப்போது மின்னோட்டம் 6 ஆம்பியராகவும், வெப்பம் 28.8 வாட்டாகவும் உயரும். மின்கலத்தின் உள்மின்தடையால் உண்மை மதிப்பு சற்றுக் குறையும். ஆயினும் மின்னோட்டம் 6 மடங்கானால் வெப்பம் 36 மடங்காகும் என்பதே இதிலிருந்து அறிய வேண்டியது. முட்டி நிற்கும் காரின் விசையை உடனே தளர்த்த வேண்டும் என்பது இதனாலேயே.

மாற்றங்கள்

சுருளை மாற்றிச் சுற்றுதல்: சுற்றுகளின் எண்ணிக்கையைக் குறைத்துத் தடித்த கம்பியால் சுற்றினால் வேகம் கூடும். அதே இடத்தில் பாதிச் சுற்றுகள் மட்டும் சுற்றப்பட்டால், கம்பியின் நீளம் பாதியாகவும் குறுக்குப் பரப்பு இரு மடங்காகவும் ஆகும். எனவே மின்தடை நான்கில் ஒரு பங்காகக் குறையும். சுமையற்ற வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். ஆனால் ஒவ்வோர் ஆம்பியருக்கும் கிடைக்கும் முறுக்குவிசை பாதியாகிவிடும். நின்ற நிலையில் மோட்டார் இழுக்க முயலும் மின்னோட்டமோ நான்கு மடங்காகும்.

காந்தத்தை மாற்றுதல்: வலுவான காந்தம் வேகத்தைக் கூட்டும் என்பது பரவலான தவறான எண்ணம். காந்தப்புலம் வலுத்தால் குறைந்த வேகத்திலேயே போதிய எதிர் மின்னியக்கு விசை தோன்றிவிடும். ஆகவே சுமையற்ற வேகம் குறையும், முறுக்குவிசை கூடும். வளைவுகள் நிறைந்த சிறிய தடத்திற்கு இது ஏற்றது. சாதாரண வகை நியோடிமியம் காந்தங்கள் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியசுக்கு மேல் வலுவிழக்கத் தொடங்கும். அவ்வாறு இழந்த வலு, குளிர்ந்த பின்னும் முழுவதும் திரும்புவதில்லை.

பற்சக்கரத்தை மாற்றுதல்: மோட்டாரைத் திறக்காமல் செய்யக்கூடிய மாற்றம் இது. பின்னச்சில் 44 பற்களும் மோட்டார் அச்சில் 8 பற்களும் இருந்தால் விகிதம் 5.5. மோட்டார் அச்சில் 6 பற்கள் கொண்ட சக்கரத்தைப் பொருத்தினால் விகிதம் ஏறத்தாழ 7.3 ஆகும். அப்போது உச்ச வேகம் குறையும். தொடக்க விரைவு கூடும். மோட்டாரின் சூடும் தணியும். வேகமான மோட்டாரைப் பொருத்துவோர் முதலில் சிறிய பற்சக்கரத்துடன் ஓட்டிப் பார்ப்பது பாதுகாப்பானது.

மின்சுற்றை வலுப்படுத்துதல்: மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டத்தைப் பலகையிலுள்ள ஃபெட் வகை டிரான்சிஸ்டர்கள் கட்டுப்படுத்துகின்றன. வேகமான மோட்டார் பொருத்தப்படும்போது பல நேரங்களில் முதலில் கருகுபவை இவையே. ஏற்கெனவே உள்ளவற்றின் மேல் அதே வகை ஃபெட்களைப் பக்க இணைப்பாக அடுக்கிப் பற்றவைப்பது ஆர்வலர்களின் வழக்கம். இதனால் மின்னோட்டம் பகிரப்பட்டு வெப்பம் குறைகிறது. கால்கள் மிக நெருக்கமானவை என்பதால், பற்றவைத்துப் பழகாதோர் இதில் இறங்கினால் பலகையே வீணாகலாம்.

தூரிகையற்ற மோட்டார்: சுருள் வெளிப்புறத்தில் நிலையாக நிற்க, காந்தம் சுழலும் மோட்டார் இது. தூரிகைத் தேய்மானம் இதில் இல்லை. இதற்குத் தனி வகைக் கட்டுப்பாட்டுச் சுற்று தேவை; பழைய பலகையுடன் நேரடியாக இணைக்க இயலாது.

பராமரிப்பு

புதிய தூரிகையின் தட்டையான முகம், வளைந்த திசைமாற்றியை முழுமையாகத் தொடுவதில்லை. எனவே புதிய மோட்டாரைச் சுமையின்றி, 1.5 முதல் 2 வோல்ட் வரையிலான குறைந்த மின்னழுத்தத்தில் சில நிமிடங்கள் ஓடவிட வேண்டும். தூரிகை சீராகத் தேய்ந்து படியும். தீப்பொறியும் குறையும்.

அச்சின் இரு முனைகளிலுள்ள தாங்கிகளுக்கு ஊசி முனையளவு மெல்லிய எண்ணெய் போதும். மிகுதியான எண்ணெய் திசைமாற்றியை அடைந்தால் கார்பன் தூளுடன் கலந்து கரும்பசையாகி மின்தொடர்பைக் கெடுக்கும். இப்பசையை மின்தொடர்புகளுக்கான துப்புரவுத் தெளிப்பானால் கழுவலாம். தெளித்த நீர்மம் எளிதில் தீப்பற்றக்கூடியது. அது முழுமையாக உலர்ந்த பின்னரே மின்னிணைப்புத் தர வேண்டும். தாங்கிகளுக்கு மீண்டும் எண்ணெய் இட வேண்டும்.

வீட்டுத் தரையில் ஓடும் கார்களின் அச்சுகளில் தலைமுடியும் நூலிழையும் சுற்றிக்கொள்ளும். சக்கரம் இறுகினால் மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். ஓட்டி முடித்ததும் சக்கரங்களைக் கையால் சுழற்றிப் பார்ப்பது நல்லது.

மோட்டாரின் முனைகளில் பற்றவைக்கப்பட்ட சிறிய மின்தேக்கிகளை நீக்கக் கூடாது. பெரும்பாலும் 0.1 மைக்ரோஃபாரட் அளவுள்ள இவை, தூரிகைத் தீப்பொறியால் எழும் வானொலி இரைச்சலை அடக்குகின்றன. மோட்டாரை மாற்றும்போது இவற்றை விட்டுவிட்டால் கார் கட்டளைக்கு அடங்காமல் ஓடலாம். 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் பழைய கார்களில் இக்குறை எளிதில் தோன்றும்.

பாதுகாப்பு

10440 எனப்படும் லித்தியம் மின்கலம், ஏஏஏ மின்கலத்தின் அதே அளவுடையது. ஆனால் ஒன்றின் மின்னழுத்தம் 3.7 வோல்ட். நான்கைப் பொருத்தினால் 14.8 வோல்ட் ஆகும். இது 4.8 வோல்ட்டுக்கு அமைந்த காரைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. பலகை நொடியில் கருகும். குறுக்கிணைப்பு நேர்ந்தால் லித்தியம் மின்கலம் தீப்பற்றவும் கூடும். உருவம் ஒன்றாக இருப்பதால், மின்கலத்தின் மேலுள்ள எண்ணைப் படித்த பின்னரே பொருத்த வேண்டும்.

சில நிமிடங்கள் ஓட்டியபின் மோட்டாரின் கூட்டை மெல்லத் தொட்டுப் பார்ப்பது எளிய சோதனை. விரலை வைத்திருக்க இயலாத அளவு சுட்டால், சுமை மிகுந்துள்ளது என்று பொருள். ஆற விட்டு, அச்சில் இறுக்கம் உள்ளதா என முதலில் பார்க்க வேண்டும். அதன்பின் மோட்டார் அச்சிலுள்ள பற்சக்கரத்தைச் சிறியதாக மாற்றலாம். மோட்டாரைக் குறைகூறுவது இவ்விரண்டுக்கும் பிறகுதான்.