'எஞ்சாய் எஞ்சாமி' யாரோட பாட்டு? 'தெருக்குரல்' அறிவும் நம்ம ஊர்ப் பாட்டிகளும்

சேலம், நாமக்கல் பக்கம் வளர்ந்தவங்களுக்கு 'சாமி'ங்கிற வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் தெரியும். ஒண்ணு கோயில்ல இருக்கிறது. இன்னொண்ணு நீங்க! 'சாப்டியா சாமி', 'பார்த்துப் போயிட்டு வா சாமி'னு பாட்டிகள் பேரப்பிள்ளைகளைக் கூப்பிடுறது இங்கே தினசரிப் பேச்சு. அந்த 'என் சாமி'யைத்தான் 2021 மார்ச் 7 அன்று யூடியூப்பில் வெளியான ஒரு பாட்டு உலகம் முழுக்கக் கொண்டுபோனது. 40 கோடிப் பார்வைகளைத் தாண்டிய 'எஞ்சாய் எஞ்சாமி'.

பாட்டு உங்களுக்கு மனப்பாடம். ஆனால், அதை எழுதி, தீயுடன் சேர்ந்து பாடிய அறிவைப் பற்றி எவ்வளவு தெரியும்? அவரோட பயணத்தில் ராப் பண்ண ஆசைப்படுற எல்லாருக்கும் ஒரு பாடம் இருக்கு. சேலம், நாமக்கல்காரங்களுக்குக் கூடுதலா ஒரு சொந்தக் கதையும் இருக்கு.

மலேசியா டு அரக்கோணம்

1973-ல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தது ஹிப்ஹாப். அது தமிழுக்கு வந்தது மலேசியா வழியாக. யோகி பி அண்ட் நட்சத்ராவின் 'வல்லவன்' ஆல்பம் 2006-ல் வெளியானது. 2012-ல் கோவைப் பையன் ஆதி, ஜீவாவுடன் சேர்ந்து 'ஹிப்ஹாப் தமிழன்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார். காலேஜ் கல்ச்சுரல்ஸ் மேடைகளில் தமிழ் ராப் சகஜமானது அதற்குப் பிறகுதான்.

அறிவு வந்தது வேறு வாசல் வழியாக. அரக்கோணத்துக்காரர், இன்ஜினீயரிங் படித்தவர். இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் அவரும் ஒருவர். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் அந்தக் குழு முதன்முதலாக மேடையேறியது. கானா, பறை, ராக், ராப் எல்லாம் ஒரே மேடையில். அயோத்திதாசப் பண்டிதர் பயன்படுத்திய 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து எடுத்த பெயர் அது.

2019-ல் தயாரிப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 'தெருக்குரல்' ஆல்பம். திருக்குறளை ஒரு தட்டு தட்டி வைத்த பெயர், அவருக்கே அடைமொழியாகிவிட்டது. சாதி, குடியுரிமை, தூத்துக்குடி துப்பாக்கிச்சூடு என்று அன்றைய செய்திகளை பீட்டில் ஏற்றினார். இன்னொரு பக்கம் சினிமா. 'மாஸ்டர்' படத்தின் 'வாத்தி ரெய்டு' அவர் எழுதி, அனிருத்துடன் பாடியது. 'சார்பட்டா பரம்பரை'யின் 'நீயே ஒளி'யிலும் அவர் வரிகள் உண்டு.

வள்ளியம்மாள் போன வழி

'எஞ்சாய் எஞ்சாமி'யின் உயிர், அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். ஒப்பாரி பாடத் தெரிந்தவர். நிலத்தில் பாடுபட்டும் நிலம் இல்லாமல் போன முன்னோர்களின் கதையைத்தான் அந்தப் பாட்டு சொல்கிறது. ஆட்டம் போட வைக்கும் தாளத்துக்குள்ளே இருப்பது ஓர் ஒப்பாரி.

இப்போ நம்ம ஊருக்கு வாங்க. 19-ம் நூற்றாண்டில் இலங்கையின் காபித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் கங்காணிகள் ஆள் சேர்த்த முக்கியமான மாவட்டங்களில் திருச்சியும் சேலமும் உண்டு. இன்றைய நாமக்கல் மாவட்டம் 1997-ல்தான் தனியாகப் பிரிந்தது. அதற்கு முன் அது சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. பஞ்சமும் கடனும் துரத்த, ராமநாதபுரம் கடற்கரை வரை நடந்தே போய்க் கடல் தாண்டியவர்கள் ஏராளம். அந்தப் பக்கம் இறங்கி, காட்டு வழியில் மலை வரைக்கும் மறுபடி நடை.

உழைத்தவர்களுக்கு அங்கே நாடும் மிஞ்சவில்லை. 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில், 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்வது என்று முடிவானது. மனுஷங்களைத் தலைக்கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட 'நம்ம சொந்தத்துல யாராவது கண்டிச் சீமைக்குப் போனாங்களா?'னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. வள்ளியம்மாள் கதை உங்க தெருவிலேயும் இருக்கலாம்.

பெயர் எங்கே?

உழைப்பு ஒருத்தருடையது, விளைச்சல் இன்னொருத்தருக்கு. பாட்டில் இருந்த இந்தக் கதை, பாட்டுக்கு வெளியேயும் நடந்ததாகப் பலருக்குத் தோன்றியது.

2021 ஆகஸ்ட்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீயும், 'நீயே ஒளி' பாடிய ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். இரண்டு பாட்டிலும் பங்கிருந்த அறிவு இல்லை. பா.இரஞ்சித் பொதுவெளியில் கேள்வி கேட்டார். விவாதம் பெரிதானது. பிறகு அறிவையும் அந்தப் பத்திரிகை அட்டையில் போட்டது.

2022 ஜூலை 28, சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. மேடையில் அதே பாட்டு, ஆனால் அறிவு இல்லை. அப்போது அவர் அமெரிக்காவில் இருந்தார். பாட்டை உருவாக்கியதில் தன் உழைப்பு என்ன என்று இன்ஸ்டாகிராமில் நீளமாக எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தீயும் பதில் சொன்னார்கள். இது மூவரின் கூட்டுப் படைப்பு, வருமானமும் மூவருக்கும் சமம் என்றார் சந்தோஷ். 'நீங்க அறிவு பக்கமா, தீ பக்கமா?'னு இணையமே ரெண்டாகப் பிரிந்தது.

2024 மார்ச்சில் இன்னொரு திருப்பம். இந்தப் பாட்டிலிருந்து மூவருக்குமே ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே ஒரு வீடியோவில் குற்றம்சாட்டினார். பாட்டை வெளியிட்டது 'மாஜா' என்ற தளம். அந்தக் கணக்கில் நியாயம் யார் பக்கம் என்று நாம் இங்கே தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் ஒண்ணு யோசிங்க. 'பாட்டு யாருடையது?'னு ரசிகர்கள் சண்டை போட்ட நேரத்தில், 'பாட்டின் உரிமை எந்தப் பேப்பரில், யார் பெயரில் இருக்கு?'னு யாரும் கேட்கவே இல்லை.

ஒரு பாட்டு, பல ஓனர்கள்

சட்டப்படி ஒரு பாட்டு ஒரே பொருள் கிடையாது. வரிகள் தனி உரிமை. மெட்டு தனி உரிமை. பதிவான ஒலி மூன்றாவது உரிமை. அதைப் பெரும்பாலும் பணம் போட்டவர் வைத்திருப்பார். பாடியவருக்கு 'நிகழ்த்துநர் உரிமை' என்று ஒன்று தனியாக உண்டு.

1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் முக்கியமான திருத்தம் வந்தது. பாட்டை எழுதியவரும் மெட்டமைத்தவரும் மற்ற உரிமைகளை விற்றாலும், ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக்கொடுக்க முடியாது. கொடுத்தாலும் செல்லாது.

செல்போனில் பீட் போட்டு வரி எழுதுறீங்களா? கையெழுத்துக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க.

* எழுதியது, மெட்டமைத்தது, பாடியது, பீட் செய்தது யார் யார்? யாருக்கு எத்தனை சதவிகிதம்? ரெக்கார்டிங் அன்றைக்கே எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. நண்பர்கள்னாலும்தான்.

* உரிமையை எத்தனை வருஷத்துக்குக் கொடுக்கிறீங்க? ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி 5 வருஷம்தான். எந்தெந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான்.

* பாட்டு வெளியானதும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகுங்க. பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கான ராயல்டியை வசூலித்துத் தருவது அதுதான்.

* கணக்கு எப்போது காட்டுவார்கள், காட்டாவிட்டால் என்ன செய்யலாம் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கான்னு தேடுங்க. இல்லேன்னா சேர்க்கச் சொல்லுங்க.

பாட்டிக்கு ஒரு கிரெடிட்

இத்தனைக்குப் பிறகும் அறிவு பாடுவதை நிறுத்தவில்லை. 'அம்பாசா' என்ற தன் இசைக்குழுவோடு மேடை ஏறுகிறார். அவர் கொண்டுவந்த தனி ஆல்பத்துக்கு வைத்த தலைப்பு 'வள்ளியம்மா பேராண்டி'. அட்டையில் யார் படம் வரணும் என்று அடுத்தவங்க முடிவு பண்ணலாம். தலைப்பில் யார் பெயர் வரணும் என்பதை அவரே முடிவு செய்துகொண்டார்.

நம்ம ஊர்களிலும் இழவு வீட்டில் உட்கார்ந்து அந்த நிமிஷமே வரி கட்டி ஒப்பாரி பாடும் பாட்டிகள் இன்னும் இருக்காங்க. பீட் இல்லை, அவ்வளவுதான். எதுகை, மோனை, கதை, கோபம் எல்லாம் அதில் இருக்கு. அடுத்த முறை ஊருக்குப் போனா, கேட்டு, அவங்க சம்மதத்தோட செல்போனில் பதிவு பண்ணுங்க. ஒருநாள் அதை வைத்து நீங்களே ஒரு டிராக் செய்யலாம். அப்போ கிரெடிட்ஸில் முதல் பெயர் யாருடையது என்பது உங்களுக்கே தெரியும்!