பாம்பன் பாலமா... கார் நிறுத்தும் இடமா?

"தூக்குப்பாலம் தெரியுது, வண்டியை நிறுத்துப்பா!"

பாம்பன் ரோடு பாலத்தில் டூரிஸ்ட் கார்களுக்குள் கேட்கும் குரல் இது. டிரைவர் போடுகிறார் சடன் பிரேக். பின்னால் வரும் பஸ்சின் கதி?

1988 அக்டோபர் 2-ந்தேதி ராஜீவ்காந்தி திறந்து வைத்த இந்த பாலம் 2 கிலோ மீட்டருக்கு மேல் நீளம். போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை, அவ்வளவுதான். 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதிய ரெயில் தூக்குப்பாலமும் வந்து விட்டது. வேடிக்கைக்கு கேட்க வேண்டுமா?

ராமேசுவரத்தில் இருந்து ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு பறக்கும் ஆம்புலன்சுக்கு வேறு ரோடு கிடையாது!

பாலத்தில் நிறுத்தினால் அபராதம் போடலாம். அதற்குள் மோதி விட்டால்? பாலம் ஏறும் முன்பே, மண்டபத்தில் போலீசார் வண்டிகளை நிறுத்தி, தமிழிலும் இந்தியிலும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பட்டும்.

பார்க்க ஆசையா? கரையில் வண்டியை ஓரங்கட்டி விட்டு நடந்து வந்து பாருங்க. யார் வேண்டாம்னா?